பின்சீட்டில் ஒரு பெண்

ரசக் கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"தொண்ணூற்றி நாலு." அவள் கணவர் சொர்ணலிங்கம் போனை மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பைக் போன வேகம், பைபாஸ் கேமராவில் விழுந்திருக்கிறது. பைக் அவர் பெயரில் இருப்பதால் அபராதமும் அவர் பெயருக்கே வந்திருந்தது.

மகன் கார்த்தீசன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். அன்றைக்குத் தான் தூத்துக்குடியில் வேலையில் இருந்ததாகவும், கம்பெனி வேனில்தான் போய் வந்ததாகவும் சொன்னான்.

அவர் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினார்.

பிறகு அவர் முகம் மாறியது.

"ஏல, பின்னால யாருல அந்தப் பொண்ணு?"

அவள் கரண்டியை மெல்லப் பாத்திரத்துக்குள் விட்டாள்.

படம் பின்பக்கமிருந்து எடுத்தது. பச்சைச் சேலை. முதுகு. தலையில் மகனின் ஹெல்மெட். முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டிவிட்டு நம்ம வீட்டுத் துரை வெறுந்தலையோடு போயிருக்கிறார், அதற்கும் சேர்த்து அபராதம் போட்டிருக்க வேண்டும் என்றார் சொர்ணலிங்கம். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

ஆள் சற்றுப் பருமன்தான் என்றார். முன்னால் உட்கார்ந்திருப்பவனையே மறைத்துவிட்டாளே.

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மகன் போனை வாங்கிப் பார்த்தான். அவன் கண் சேலையில் நிற்கவில்லை. காலுக்குப் போனது. கட்டைக் கறுப்புச் செருப்பு. குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது.

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

பைக்கை நாளைக்கே விற்றுவிடப் போவதாகச் சொர்ணலிங்கம் அறிவித்தார்.

பைக்கைத் தினமும் ஒரு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னவன் மகன்தான். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம். காலாண்டு விடுமுறையில் டீச்சரான அம்மாவுக்கு வீட்டில் வேறு என்ன வேலை. முதல் நாள் ஸ்டார்ட் மட்டும் பண்ணினாள். அடுத்த நாள் தெருமுனை வரை. கியர் போடக் கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் பைக்கில் பழகியிருந்தாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மகனின் டிராக் பேண்ட்டை உள்ளே போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகினாள்.

பைபாஸ் காலியாகக் கிடந்தது.

அறுபதில் காது அடைத்தது. எழுபதில் வீடு மறந்தது. எண்பதில் கண்ணாடிக்குள் ஒரு லாரி பொம்மையாகச் சிறுத்துப் போனதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளியில் வருடா வருடம் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி வாசிப்பவள். பிள்ளைகள் வரிவரியாகத் திருப்பிச் சொல்வார்கள். அதில் ஒரு வரிகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

கேமராவைத் தாண்டிய பிறகுதான் அந்தத் திருப்பம்.

வாழையிலைக் கட்டோடு ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. எப்படி ஒடித்தாள் என்று தெரியாது. இலை அவள் முழங்கையை உரசியது. கண்ணாடியில் பார்த்தாள். சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ரோடெல்லாம் இலை. நடுவில் அந்த இலைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டுதான் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வண்டியை நிறுத்தவில்லை.

அன்று வைத்த குழம்பில் உப்பே இல்லை. சொர்ணலிங்கம் இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

இப்போது அவர் பைக் வாங்கும் ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். மகன் இன்னும் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான்.

"முன்னால யாரும் இல்லங்க," என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. படத்தை மறுபடி திறந்தார். முன்னால் இருப்பவனைத் தேடினார். போனைச் சாய்த்துப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். பிறகு எதிரே நின்றவளைப் பார்த்தார்.

மகனுக்குப் புரையேறியது. சோற்றுப் பருக்கை மூக்கு வழியாக வந்தது. அவன் தலையில் தட்டப் போன சொர்ணலிங்கம், தட்டாமல் தானும் குலுங்க ஆரம்பித்தார். பருமன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சிரிப்புக்கு நடுவே சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. இலைக்காரரைப் பற்றிச் சொன்னாள்.

அந்த இடத்தில் கேமரா இல்லை என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரும் ரசம் கேட்கவில்லை.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் போய் அந்தத் திருப்பத்தில் இறங்கினாள். வெயில் ஏறும் மட்டும் நின்றாள். இலைக்கட்டோடு சைக்கிள் வந்ததும் கையைக் காட்டினாள். அன்றைக்கு உங்களை உரசிக்கொண்டு போன பைக்கை ஓட்டியது நான்தான் என்றாள்.

அவர் நம்பவில்லை. அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பைக்கின் நிறத்தைச் சொன்னாள். ரோட்டில் இலை கிடந்த விதத்தைச் சொன்னாள். நிறுத்தாமல் போனதைச் சொன்னாள்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"ஒரு பயலயில்லா இத்தன நாளா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்," என்றார். அவருக்கு அது பெரிய நஷ்டம் போலிருந்தது.

"இனிமே என்னைய ஏசுங்க அண்ணாச்சி."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, நேராக நின்றாள்.