சத்தம் தணிந்த மதியம்

கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது.

அவள் பாயில் மல்லாந்து படுத்துக் காத்திருந்தாள்.

வீடு அடங்கியதும் அது கேட்கும். டிக். டிக். நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வு திறந்து மூடும் சத்தம்.

சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் கதவு ஒன்றை அரித்துவிட்டிருந்தது. அந்த இடத்தில்தான் இந்த உலோகம். கல்யாணமான புதிதில் பேச்சிமுத்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான்.

"பொண்ணு கேட்டு வந்தா, கடியாரத்தயில்ல கட்டி வச்சிட்டாங்க."

அன்றிலிருந்து அவள் அவனுக்குக் கடியாரம்தான்.

இன்று அந்தச் சத்தம் தணிந்திருந்தது.

பஞ்சில் பொதிந்ததுபோல. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று காலடியை மெத்தென்று வைப்பதுபோல.

அவள் கையை இறக்கி அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சத்தத்துக்கும் தெரிந்துவிட்டது.

வேறு யாருக்கும் தெரியாது. நாள் தள்ளிப்போனதை அவள் பேச்சிமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவான். உன் உசுருதான் முக்கியம் என்பான். கலைத்துவிடலாம் என்பான்.

ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. சாப்பிட்டு முடித்ததும் அவனே எடுத்துத் தருவான். அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பெண் சொல்லக் கேட்டிருந்தாள். அதனால் இப்போதெல்லாம் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். பிறகு கொல்லைக்குப் போய்த் துப்பிவிடுவாள்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. சத்தம் மங்கினால் அந்த நிமிஷமே புறப்பட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் அமலி சிஸ்டர் சொல்லும் வார்த்தை. அவள் மறந்துவிடவில்லை. மங்குவது வேறு, இது வேறு என்று தோன்றியது.

வெயில் சுவரில் ஊர்ந்தது. படுத்திருந்தபடியே மூச்சு வாங்கியது. பிள்ளை என்றால் வாங்கத்தானே செய்யும்.

கண்ணை மூடினாள். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சின்னக் காது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் நாள். பேச்சிமுத்துவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அமலி சிஸ்டர் விரலைப் பிடித்துச் சுருக்கென்று குத்தினார். பஞ்சை வைத்து அழுத்தினார்.

"சத்தம் எப்படிம்மா கேக்குது?"

"முன்ன மாதிரி இல்ல சிஸ்டர். மெதுவா." அவளுக்கு வெட்கம் வந்தது. "தூங்கட்டும்னு விட்டிருக்கு."

"யாரு தூங்கட்டும்னு?"

அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பஞ்சை எடுத்து விரலைப் பார்த்தார். எப்போதும் நெடுநேரம் கசியும் ரத்தம் அதற்குள் நின்றிருந்தது.

"மாத்திரை போடுறியா?"

இல்லையென்று தலையசைத்தாள்.

திட்டு விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். விழவில்லை. ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சிஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"மாத்திரைக்குப் பதிலா பிள்ளைக்கு ஆகுறாப்ல ஊசி இருக்கு தாயி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

குரலில் கோபமே இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

தள்ளுவண்டி வந்தது. படுக்க வைத்தார்கள். கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாய், ஆற்றில் விட்ட அகல்களைப்போல மிதந்து போயின. பேச்சிமுத்து ஒன்றும் புரியாமல் கூடவே ஓடிவந்தான்.

சிஸ்டர் ஒரு கையால் வண்டியைத் தள்ளினார். மறுகையில் போன்.

"வால்வு அடைச்சிருக்கும்னு நெனக்கிறேன் டாக்டர். கூட்டிட்டு வர்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருத்தர் இல்ல டாக்டர். ரெண்டு பேரு."

பேச்சிமுத்துவின் காலடி நின்றது.

பிறகு முன்னைவிட வேகமாக வந்தது.

அவள் வண்டியில் மெல்ல ஒருக்களித்தாள்.

பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.