பின்னால் தூக்குகிறவன்

கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார் அதிகாரி. உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியதாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியோடு அவரைக் கீழே உருட்டிவிடலாமா என்று இருந்தது.

முன்தண்டு மச்சினன் தோளில். பின்தண்டு என் தோளில். நடுவே மூங்கில் நாற்காலியில் துரை. எங்கள் ஊருக்கு ஏறும் வழி இந்தக் கல்படிதான். இதை விட்டால் வேறு போக்கில்லை. மேலே ஒன்பது கோயில்கள், எந்தக் காலத்தில் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. கால் இருக்கிறவன் நடந்து வந்து கும்பிடுவான். முடியாதவனை நாங்கள் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவோம்.

இவர் கும்பிட வரவில்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்தில் பெரிய ஆள். கோயில்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார்.

வழி நெடுக ரசித்துக்கொண்டே வந்தார். வண்டிச் சத்தமே இல்லையாம், என்ன அமைதியாம். இந்த ஊரை இப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டுமாம்.

வையுங்கள் சாமி. உள்ளே நாங்களும் இருக்கிறோமே, எங்களை எங்கே வைப்பீர்கள்?

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். பின்னால் தூக்குகிறவனுக்குப் படி தெரியாது, நாற்காலி மறைத்துவிடும். தெரிவதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் பிடரிதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊருக்குச் சாலை வருவதாக இருந்தது. அளந்து கல்கூட நட்டார்கள். பிறகு இந்த அலுவலகம் நிறுத்திவிட்டது. லாரி போனால் கோயில் சுவர் அதிர்ந்து விரிசல் விடும் என்று காரணம் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மனைவிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. நானும் மச்சினனும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மழையில் படி வழுக்கியது. பாதி மலையில் அவள் முனகுவது நின்றுபோனது. கீழே ஆஸ்பத்திரியில் இரண்டு உயிரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மச்சினனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. கல் அதிருமாம், மனுஷி செத்தால் ஒன்றும் அதிராதாம் என்று அந்த அலுவலகத்தை அவன் திட்டாத நாளில்லை. நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். அவனைவிடச் சத்தமாகவே திட்டுவேன்.

இப்போது அவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஆளைத் தூக்க ஒத்துக்கொண்டான். பாதி வழி வந்ததும், குரலைத் தணித்து, அந்தச் சாலையை இனிமேலாவது போட விடக்கூடாதா என்று கேட்டான். என் மச்சினன் ஒருத்தனிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"நாங்க எங்கப்பா நிறுத்தினோம்? நாற்காலி தூக்குறவங்கதானே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க."

எல்லார் சார்பாகவும் ஒருத்தன் கையெழுத்துப் போட்ட மனு. சுவர் அதிரும் என்பதே அதில் இருந்ததுதானாம். அந்த ஆள் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால் போதும், கோப்பைத் தானே மேலே அனுப்புகிறேன் என்றார். முதலில் ஜீப் ஏறுகிற மாதிரி மண்சாலை, நாலு மாதத்தில் வெட்டிவிடலாமாம். ஆள் பேர்தான் நினைவில்லையாம்.

மச்சினன் நின்றுவிட்டான். தண்டு தோளில் இருந்ததால் அவனால் திரும்ப முடியவில்லை.

"யாரு மாமா அது? எந்தப் படுபாவி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷமாக மூடிய வாய்க்கு இன்னும் ஒரு நாள் மூடிக்கொள்வதா பெரிய காரியம்? ஆனால் அடுத்த மழையில் அவன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியில் இறங்கப்போவதும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"நான்தான்டா," என்றேன்.

சாலை வந்தால் எவன் நாற்காலியில் உட்காருவான், பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று பயந்தேன். ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் இத்தனை நாள் திட்டிய திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. அது தெரிந்துதான் கூடச் சேர்ந்து கத்தினேன், நாசமாய்ப் போனவன்.



அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். தேடாமலே ஆள் கிடைத்துவிட்டான் பாருங்கள். அந்த மனு நன்றாக நினைவிருக்கிறது, எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று என்னைப் பாராட்டினார். அதே மாதிரி அழகாக இன்றைக்கே ஒன்று எழுதித் தரச் சொன்னார்.

எனக்கு என் பேரைத் தவிர வேறு எதுவும் எழுத வராது. அது மச்சினனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் அவன் அக்கா ஒருத்திதான்.

தண்டு என் தோளில் நடுங்கியது. அவன் அழுகிறான் என்று அதில்தான் தெரிந்தது.

அன்றைக்கு அந்த மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டு, அவசர ஆத்திரத்துக்கு என்னங்க செய்வது என்று அவள் கேட்டாள். நானும் உன் தம்பியும் எதற்கு இருக்கிறோம், தூக்கிக்கொண்டு ஓடமாட்டோமா என்றேன். அதுவும் சரிதான் என்று பேனாவை மூடினாள்.