எழுதியவளுக்கு அனுமதி இல்லை

"நீங்க எழுதின புரோகிராமே உங்களை உள்ளே விடலையா மேடம்? இதை நான் நம்பணுமா?"

கேட்டவர் விவசாய சங்கத்துச் செல்லதுரை. தாலுகா ஆபீஸின் குத்தகைப் பதிவேட்டுக்குப் புரோகிராம் எழுதியவள் சாவித்திரி. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது: 'அனுமதி இல்லை.'

செல்லதுரைக்குப் பக்கத்தில் பக்கிரி நின்றார். கையில் தாசில்தார் கையெழுத்துப் போட்ட உத்தரவு. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், அவர் அப்பா காலத்துக் குத்தகை. அப்பா இறந்த பிறகு வாரிசாகத் தன் பேரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி வழக்குப் போட்டார். போன ஆட்சியில் போட்ட வழக்கு, இந்த ஆட்சியில்தான் தீர்ந்தது. இனி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்த நிலம் துரைராசுவுக்குச் சொந்தம். சாவித்திரி துரைராசுவின் மகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

போதாக்குறைக்கு, காலையில் துரைராசுவின் கார் தாலுகா ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றதை செல்லதுரை டீக்கடையிலிருந்து பார்த்திருந்தார்.

"அஞ்சு மணிக்கு லிஸ்ட் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிடும் பாப்பா" என்றார் பக்கிரி மெதுவாக. "அதுல எம் பேரு இல்லேன்னா, ஆடியில என்னை வயல்ல இறங்க விடமாட்டாங்க."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சும் இப்படி உக்காந்திருந்தா எப்படி?" செல்லதுரை குரலை உயர்த்தினார். "புரோகிராம் தாசில்தார் அதிகாரத்துலதானே ஓடுது? அவரே உத்தரவு போட்டாச்சு. அப்புறம் என்ன?"

"ஓடுறது அவர் அதிகாரத்துலதான் சார். ஆனா இதை எழுதின 'சி'ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ஆக்சஸ்னு ஒண்ணு இருக்கு. ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி அதைக் கேக்க வச்சிருக்கேன். யாரோட அதிகாரம்னு அது பாக்காது. நிஜமா உக்காந்திருக்கிறது யாரு, அவங்களுக்கு இந்த ஃபைல்ல எழுத உரிமை இருக்கான்னு பாக்கும்."

"இப்ப யாரு உக்காந்திருக்கா?"

"நான்தான்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். செல்லதுரை சிரிக்கவில்லை.

"அந்த ஒரு வரியை எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்துட்டு புரோகிராமைத் திரும்பப் போடணும்னா தாசில்தார் பாஸ்வேர்டு வேணும். அவர் மீட்டிங்குக்குத் தஞ்சாவூர் போயிருக்கார். எழுத அனுமதி இருக்கிறது அவருக்கும் ஆபரேட்டர் நூர்ஜஹானுக்கும்தான். நூர்ஜஹான் அரை நாள் லீவுல பாபநாசம் போயிருக்காங்க, நாலு மணிக்கு வந்துடுவாங்க." பெருமூச்சு விட்டாள். "காலையிலயும் இதே கேள்விதான், இதே பதில்தான்."

"காலையில யாரு கேட்டா?"

சாவித்திரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா பக்கிரி?" செல்லதுரை அவள் காதில் விழும்படியே சொன்னார். "அப்பா கார்ல வந்து சொல்லிட்டுப் போறாரு, பொண்ணு கம்ப்யூட்டரைக் காட்டுறா. முன்னே ஊர்க் கணக்கு எழுதுற கர்ணம் நோட்டைக் காணோம்பாரு, இப்ப மிஷின் விடலைங்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

சாவித்திரியின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே மேஜை ஓரத்தில் கிடந்தது.

நாலு மணிக்கு நூர்ஜஹான் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. செல்லதுரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து ஓய்ந்தார். பக்கிரி ஒரே இடத்தில் நின்றார். உட்காரச் சொல்லி சாவித்திரி இரண்டு முறை நாற்காலியை நகர்த்திப் போட்டும் அவர் உட்காரவில்லை.

நாலே முக்காலுக்கு நூர்ஜஹான் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "பஸ் பஞ்சர் மேடம்" என்றபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன் பேரில் உள்ளே போய், உத்தரவைப் பார்த்து அடித்தாள். பதிவு இரண்டு நிமிஷத்தில் ஏறிவிட்டது. பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. பக்கிரி தன் பேர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

செல்லதுரைக்கு மட்டும் ஆறவில்லை.

"உங்ககிட்ட வேலை பாக்கிற பொண்ணை விடுது. எழுதின உங்களை விடலை. இவ்வளவு பெரிய படிப்பு படிச்சிருக்கீங்க, அந்த அனுமதி லிஸ்ட்டுல உங்க பேரைச் சேர்த்துக்கத் தெரியலையா மேடம்? இல்ல, எங்களை அலைய விடுறதுக்குன்னே சேர்க்கலையா?"

சாவித்திரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். செல்லதுரையை விட்டுவிட்டு பக்கிரியைப் பார்த்துச் சொன்னாள்.

"காலையில எங்கப்பா வந்தது, உங்கப்பா பேரை அந்தப் பதிவேட்டுலேருந்து அழிக்கச் சொல்லத்தாண்ணே. பழைய பேரே இல்லேன்னா உங்க பேரை எதுல ஏத்துவாங்க? 'நீ எழுதினதுதானே, ஒரு நிமிஷ வேலைம்மா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அவர் அழுதா நான் தாங்க மாட்டேன், சொன்னதைச் செஞ்சுடுவேன். அது எனக்கு முன்னாலேயே நல்லாத் தெரியும். அதனாலதான் அந்த அனுமதி லிஸ்ட்டு போட்ட அன்னைக்கே, முதல்ல என் பேரை அழிச்சேன்."