மூன்றாம் நாள் காலைச் சாப்பாடு

"பெத்த வாப்பாவ அடக்கி மூணு நாள் ஆகல்ல. கடையில குந்திக் கோப்பி குடிக்கிறா, பாருங்க!"

கைருன்னிஸா இப்படிச் சொன்னதும் அவளுடைய கணவர் சுஹைர் முட்டை அப்பத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆரு?"

"திரும்பாதீங்க! நம்மட பக்கத்து வீட்டு பஹ்மா."

திரும்பாதே என்றால் எந்தப் புருஷன்தான் திரும்பாமல் இருப்பான்? சுஹைர் திரும்பிப் பார்த்தார். இரண்டு மேசை தள்ளி, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பஹ்மா தனியாக இருந்தாள். முன்னால் ஒரு கோப்பை கோப்பி.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி என்றால் புத்தளத்தில் அந்தக் கடையில் இடம் கிடைப்பது கஷ்டம். காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாக முடித்து, நுரை பொங்கக் கோப்பியும் குடித்துவிட்டு ஆறுதலாக வீட்டுக்குப் போவது இப்போது ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. கைருன்னிஸாவும் சுஹைரும் ஒரு கிழமைகூடத் தவறவிடுவதில்லை.

"பாவம், தலையிடியாக்கும்," என்றார் சுஹைர்.

"தலையிடிக்கு வீட்டில தேத்தண்ணி இல்லையா? மய்யத்து வீட்டில மூணு நாளைக்கு அடுப்பு மூட்டப்படாதெண்டு நம்மட ஒழுங்கையில எல்லா வீட்டாரும் நேரம் பிரிச்சுச் சாப்பாடு அனுப்புறம். நேத்துப் பகல் சித்தி லெய்லா வீட்டால கோழி பிரியாணி. ராவைக்கு அஸ்ரியா வீட்டால ரொட்டியும் கறியும். அதெல்லாம் இவக்குத் தொண்டையில இறங்கல்ல போல!"

"மெதுவாக் கதை."

"நான் ஏன் மெதுவாக் கதைக்க? மூணாம் நாள் காலச் சாப்பாடு நம்மட பொறுப்பு. இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் குடுக்கோணுமெண்டு கடையில இறைச்சிக்கும் சொல்லி வெச்சிட்டன். நாளைக்குக் கொண்டு போனா அதையும் இப்பிடித்தானே ஒதுக்கி வெப்பா?"

சுஹைர் விரலை மடித்தார்.

"வெள்ளிக்கிழமைதானே அடக்கினது? அப்ப இண்டைக்குத்தானே மூணாம் நாள்?"

"பொழுதுபட்டு மஃரிபு தொழுதாப் பொறகு அடக்கினது. மஃரிபோட நாள் மாறிடும். அப்ப சனி முதல் நாள். திங்கள்தான் மூணாம் நாள். எனக்கே கணக்குப் படிப்பிக்காதீங்க."

சுஹைருக்குக் கணக்கைவிட அப்பம் முக்கியம். சம்பலைத் தொட்டுக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்.

கைருன்னிஸாவுக்கு உண்மையாகவே மனம் எரிந்தது. வெள்ளிக்கிழமை பஹ்மாவைக் கட்டிப்பிடித்து எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் அவள்தான். அந்த அழுகையெல்லாம் வீணாகப் போய்விட்டதே என்றிருந்தது. அந்தக் கவலையில் இன்னொரு கப்புச்சினோவுக்குச் சொன்னாள்.

கடை முதலாளி அஸ்ஜத் பஹ்மாவின் மேசைக்கு வந்தார்.

"சாப்பாடு சரி தங்கச்சி. பெட்டியில கட்டித் தரட்டா?"

பஹ்மா காலடியில் வைத்திருந்த பையிலிருந்து மூடி போட்ட இரண்டு பெரிய சட்டிகளை எடுத்து நீட்டினாள்.

"பெட்டி வேணாம் அஸ்ஜத் நானா. இந்தச் சட்டியள்ள போட்டுத் தாங்க. கடைச் சாப்பாடெண்டு தெரியப்படாது."

கைருன்னிஸா நெஞ்சில் கை வைத்தாள்.

"கேட்டீங்களா? நாம குடுக்கிறத ஒதுக்கி வெச்சிட்டுக் கடையில களவா வாங்கிட்டுப் போறா! உம்மாக்காரிக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குத் திண்டு மருந்து போடோணும். புருஷன் போன மனுஷிய வீட்டில தனிய விட்டுட்டு, மகளுக்கு இங்க கோப்பி!"

"நமக்கு என்னத்துக்கு?"

"நமக்கு என்னத்துக்கா? இது முழு ஒழுங்கைக்கும் அவமானம்!"

போனை எடுத்தாள். பஹ்மாவும் கோப்பிக் கோப்பையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம். ஒழுங்கைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். படத்தைப் போட்டு அதன் கீழே எழுதினாள்: 'மய்யத்து வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுது. நம்மட சாப்பாடு ருசி இல்லையாம்.'

எட்டிப் பார்த்த சுஹைர் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அனுப்பிடாத. இது போனா அந்தப் பிள்ளை ஒழுங்கையில ஆர்ட முகத்திலயும் முழிக்க ஏலாது. புருஷனும் கட்டார்ல. வாப்பாவும் இல்ல. ஆரு வந்து இவளுக்காகக் கதைக்கிற?"

"அத இவ கடைக்கு வாறதுக்கு முந்தி யோசிச்சிருக்கோணும்."

"ஒரு வார்த்தை அவகிட்டக் கேட்டுட்டாவது அனுப்பு."

அது கைருன்னிஸாவுக்கும் நியாயமாகப் பட்டது. முதுகுக்குப் பின்னால் கதைக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள். முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட்டு, அங்கே நின்றே அனுப்பிவிடலாம்.

சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். பெருவிரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேலேயே நின்றது.

அதற்குள் சட்டிகள் நிரம்பி வந்துவிட்டன. பஹ்மா ஒரு கையால் பையைத் தூக்கிக்கொண்டு, மறு கையில் போனைக் காதோடு வைத்துக் கதைத்தபடி எழும்பினாள். கோப்பி பாதிகூடக் குறையவில்லை. பின்னால் கைருன்னிஸா வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

கைருன்னிஸா வாயைத் திறந்தாள்.

"அழாதீங்க உம்மா, நம்மள ஒருத்தரும் மறக்கல்ல," என்று பஹ்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு மூணாம் நாளெண்டு விடியச் சுபஹோட எழும்பிச் சமைச்சிருக்காங்க, கொஞ்சம் சுணங்கிட்டு, அவ்வளவுதான்; கைருன்னிஸா ராத்தா தந்த சாப்பாட்டத்தான் கொண்டு வாறன், நீங்க மருந்த எடுத்து வெய்ங்க."