முதல் பறிப்பு அன்று மாப்பிள்ளை வந்தார்

"ஏம்மா, பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல பூட்ஸைப் போட்டுக்கிட்டு தோட்டத்துல நிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

வாசலில் நின்று ரூபினி கத்தினாள். அவள் காலையிலேயே புதுச் சுடிதார் போட்டு, தலை நிறையப் பூ வைத்துத் தயாராகிவிட்டாள்.

குணவதி வெண்டைப் பாத்தியை விட்டு அசையவில்லை. புக்கிட் செலம்பாவில் காலமான கணவர் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் அது. இரண்டு முறை விதை மழையில் அழுகி, மூன்றாம் முறை பிழைத்து வந்த செடிகள். இன்றுதான் முதல் பறிப்பு.

"வெண்டைக்காய்க்கு நல்ல நேரம் தெரியுமாலா? இன்னிக்கு விட்டா நாளைக்கு முத்திடும். பன்னிரண்டு மணிக்கு லோரி வந்துடும். வர்றேன்னு சொன்ன ஆளுங்க ரெண்டு பேரும் போன் போட்டு வரலைன்னுட்டாங்க."

"பறிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்மா. வசந்தன் வீடு நல்ல வீடு."

"போன தடவை வந்தவங்களையும் நல்ல வீடுன்னுதான் சொன்னே. வந்து உட்கார்ந்ததுமே, தோட்டத்தை வித்துட்டு பினாங்குக்கு வந்துடலாமேன்னு கேட்டாங்க."

"தோட்டத்தை விக்கச் சொல்ற மாப்பிள்ளை வேணாம்னு அன்னிக்கே அனுப்பிட்டோம்ல. வசந்தன்கிட்ட எல்லாம் பேசியிருக்கேன்மா. ஒரே பேக்டரியில மூணு வருஷமா வேலை செய்றோம்."

"பேச்சு பேச்சாத்தான் இருக்கும். பாத்தியில இறங்கினாத்தான் தெரியும்."

அதற்குள் லூனாஸிலிருந்து கார் வந்துவிட்டது. இறங்கியது இரண்டே பேர், தாயில்லாப் பிள்ளை வசந்தனும் அவன் அப்பா காளிதாசனும். பெரிய கூட்டமாக வருவார்களோ என்று பயந்துகொண்டிருந்த குணவதிக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் வெண்டைச் செடியில்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு முதல் பறிப்பு, ஆள் வரலை. உட்காருங்க, ரூபினி பால் விடாம தே ஓ கலக்குவா" என்றாள், தலையில் கட்டிய துண்டோடு.

காளிதாசன் உட்காரவில்லை. தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எத்தனை பாத்தி?"

"பன்னிரண்டு."

"நாலு பேர் இருக்கோம். ஆளுக்கு மூணு. தே ஓ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா லோரிதான் வரும், காய் வராது."

"அப்பா, புதுச் சட்டை!" என்றான் வசந்தன்.

"துவைச்சா போச்சுடா" என்றவர், மடித்திருந்த கையை இறக்கி மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். வெண்டைச் செடியின் சுணை பட்டால் அரிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குணவதி அதைக் கவனித்துக்கொண்டாள்.

வசந்தனோ வீரமாகக் கையை மேலே மடித்துக்கொண்டு இறங்கினான். பத்து நிமிடத்தில் சொறிய ஆரம்பித்தான். அது போகட்டும். அவன் கூடையை எட்டிப் பார்த்த குணவதி திடுக்கிட்டாள்.

"என்ன தம்பி இது, நுனியெல்லாம் உடைஞ்சிருக்கு?"

"பிஞ்சா முத்தலான்னு பார்த்தேன் ஆன்ட்டி. பாசார்ல அப்படித்தானே உடைச்சுப் பார்த்து வாங்குறோம்?"

"எல்லாத்தையுமா உடைச்சே?"

"ஒண்ணு விடாம! எல்லாமே நல்ல காய், ஆன்ட்டி!"

நுனி போன வெண்டைக்காயை எந்த மொத்த வியாபாரி வாங்குவான்? அரைக் கூடை வீண். ரூபினி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மானத்தை வாங்கிட்டியே வசந்தன்! அதுவும் இன்னிக்கா?"

"சோரிலா. இதனால காரியம் கெட்டுடுமா?" வசந்தனின் முகம் சுருங்கிவிட்டது.

குணவதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவன் சொறிந்துகொண்டே நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இப்படி விழுந்து விழுந்து சிரித்து ரூபினி பார்த்து வெகு நாளாயிற்று.

அடுத்த பாத்தியில் காளிதாசன் காம்பு விட்டு நறுக்கி, ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

குணவதியின் சிரிப்பு நின்றது. தோட்டத்தை விற்கச் சொல்லும் அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று கூடையைக் கீழே வைத்தாள்.

"கேளுங்க."

"வேலியோரம் இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கீங்க? பீர்க்கங்காய்ப் பந்தல் போடலாமே. கம்பு நான் கொண்டாறேன்."

குணவதி சரியென்று வேகமாகத் தலையாட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு லோரி எட்டுக் கூடையோடு கிளம்பியது. நுனி உடைந்த காயெல்லாம் கோலா மூடாவிலிருந்து வந்த கருவாட்டோடு சேர்ந்து குழம்பாயிற்று. நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அம்மா, இப்பவாவது சொல்லுங்க. வசந்தன் பயத்துல சோத்தையே தொடலை. சம்மதமா, இல்லையா?"

குணவதி குழம்புச் சட்டியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"சம்மதம்" என்றாள்.

வசந்தன் துள்ளி எழுந்தான். ரூபினி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"குதிச்சது போதும், நீ எந்த மாசம் பொறந்தேன்னு முதல்ல சொல்லு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. எங்கம்மா உங்கப்பாவுக்குக் கழுத்தை நீட்டினப்புறம் உன்னை நான் அண்ணன்னு கூப்பிடுறதா, தம்பின்னு கூப்பிடுறதா?"