கொம்பையா கேட்டது

அண்ணன் தன் கன்னத்தைத் தொட்டான். பிறகு, முள்ளைப் பிடுங்குவதுபோல் இரண்டு விரல்களைச் சேர்த்து இழுத்தான்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

கடைக்குப் பின்னால் இருக்கும் மாடிப்படி. மதியச் சாப்பாட்டு நேரம். டப்பா மூடியில் சாய்த்துவைத்த போனில் ஊர் வீட்டு முற்றம் ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் போனை அசையாமல் பிடிக்க வராது.

"ஒரு வாரமா சோத்தத் தள்ளிவிடுதான்ட்டி." அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நீ போன வீம்பு. நேத்து ஒங்க அய்யா கைய ஓங்கிட்டாரு."

ஓங்கினதோடு விட்டாரா என்று அவள் கேட்கவில்லை.

அவன் மறுபடி கன்னத்தைத் தொட்டான். மறுபடி முள்ளைப் பிடுங்கினான்.

"வீம்பு இல்லம்மா. பல்லு வலி. வாயத் தொறக்கச் சொல்லிப் பாரு."

திரையில் சுவர் தெரிந்தது. வானம் தெரிந்தது.

"ஆத்தாடி, உள்ள வீங்கிக் கெடக்கே! இத எங்களுக்குச் சொல்ல வேண்டாமா இவன்?"

சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடமும் சொன்னான். கன்னத்தைத் தொட்டான். அவள் அதை முத்தம் என்று எடுத்துக்கொண்டாள். சிரித்து, கையசைத்து, அடுத்து அவன் விரல் என்ன செய்யப்போகிறது என்று பார்க்காமலே போனை வைத்துவிட்டாள்.

கொம்பையாவுக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. அவளைவிட ஆறு வயது மூத்தவன். அவள் பேசப் பழகியபோதே அவனுக்கும் சேர்த்துப் பேசப் பழகினாள். அந்தச் சைகைகளை யாரும் கற்றுத்தரவில்லை. மழைக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, அய்யா குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதற்கு ஒன்று என்று இருவரும் சேர்ந்து உண்டாக்கியவை.

அவன் வேலைபார்க்கும் செங்கல் சூளையிலிருந்தும் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். "ஏ முப்பிடாதி, ஒங்க அண்ணன் என்ன சொல்லுதான்னு கேளு."

அம்மாவுக்குப் பாதி புரியும். அய்யாவுக்கு அதுவும் இல்லை. அவள்தான் இருந்தாளே. யாருக்கும் கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. கற்றுக்கொடுக்க அவளுக்கும் தோன்றவில்லை.

ஆனி மாதம் நகரத்துக்குக் கிளம்பிவந்தாள். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை. மாலையில் கல்லூரி.

திரையில் கொம்பையாவின் தோள்கள் தளர்ந்திருந்தன. வலி போய்விட்டதுபோல் இருந்தது முகம். அவளுக்குப் புரிந்துவிட்டது, அது போதும் அவனுக்கு.

பிறகு அவன் வேறொன்று கேட்டான்.

இரண்டு கைகளாலும் காற்றில் கொட்டு அடித்தான். விரலை அவளை நோக்கி நீட்டினான். அப்படியே தரையைக் காட்டினான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீ வருகிறாயா?

"என்ன கேக்கான்?" என்றாள் அம்மா.

அவள் பாட்டில் தண்ணீரைச் சாய்த்து வலது கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள்.

லீவு கிடைத்திருந்தது. அவள்தான் கூட வேலைபார்க்கும் பெண்ணுக்கு அதை விட்டுக்கொடுத்திருந்தாள். பரீட்சை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். பரீட்சை என்பதற்கு அண்ணனிடம் சைகை இல்லை. இருந்தாலும், பரீட்சை எதுவும் இல்லை.

விடுதிக் கட்டிலில் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். யாரும் தோளைத் தட்டி எழுப்புவதில்லை. யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சும்மா கிடப்பது இத்தனை சுகம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

கொம்பையா காத்திருந்தான். கன்னம் ஒரு பக்கம் மினுமினுத்தது.

அவள் ஈரக் கையை விரித்து, காதருகே வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

புரியவில்லை.

ஊரில் எத்தனையோ பேரைப் பற்றி அந்தச் சைகையைக் காட்டி இருவரும் சிரித்திருக்கிறார்கள். அவனிடம் அவள் அதைச் சொன்னதில்லை.

அவன் போனுக்கு அருகில் வந்தான். நிதானமாக, பெரிதாக, ஒவ்வொன்றாகக் காட்டினான்.

கொட்டு.

நீ.

இங்கே.

"ஏட்டி, என்னன்னு சொல்லேன்."

"தெரியலம்மா. வலியில என்னமோ சொல்லுதான்."

கொம்பையா அவள் வாயைப் பார்த்தான். கையைப் பார்த்தான். கண்ணைச் சற்று அதிக நேரம் பார்த்தான்.

சந்தையிலும் பஸ்ஸிலும், தான் கேட்பது விளங்காமல் விழிக்கிறவர்களிடம் அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். பரவாயில்லை, நீங்கள் போங்கள் என்பதுபோல. எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாது அவனுக்கு.

அவளைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தான். வீங்கிய பக்கம் உதடு இழுபட்டு நின்றது.

பிறகு, அம்மாவின் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்து, மெதுவாகத் தன் பக்கமிருந்து திருப்பிவிட்டான்.

திரையில் அம்மா வந்தாள்.

"சொல்லுட்டி," என்றாள்.