குரூப் சேரலையே!

"கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் இருந்து என்னடா பிரயோஜனம்?"

ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல், மச்சான் நரேஷைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தான் சந்தானம். பொம்மசந்திரா கம்பெனியில் பாதி ஷிப்டில் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்திருந்தான். யூனிபாரம்கூட மாற்றவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி காந்தாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினைன் ஏறிவிட்டது. "கிட்னி சரியா வேலை செய்யல, பெரிய டாக்டரைப் பாருங்க" என்று ஆனேக்கல் டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. பெரிய டாக்டர் இன்னும் நாலு டெஸ்ட் எழுதினார். இன்றைக்கு ரிசல்ட். அதற்குள் இவர்கள் மாற்றுக் கிட்னி வரைக்கும் போய்விட்டார்கள். பயம் வந்துவிட்டால் யாருக்குப் பொறுமை இருக்கிறது!

"அவ ஓ பாசிடிவ். நீயும் ஓ பாசிடிவ். நான் பாவி, பி பாசிடிவ். சேராது. சேர்ந்தா உன்கிட்ட ஏன்டா கெஞ்சறேன்?"

நரேஷ் தலை குனிந்துகொண்டான். "மாட்டேன்னு சொல்லலையே மாமா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஓஹோ, பொண்டாட்டி பர்மிஷன் குடுக்கணுமாக்கும்! சீ!"

"விடுங்க" என்றாள் காந்தா. குரல் கரகரத்தது. முகம் உப்பியிருந்தது. ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டர். "அவனைத் திட்டாதீங்க. ரெண்டு சின்னக் கொழந்தைங்க வெச்சிருக்கான்."

சொல்லிக்கொண்டே எட்டிக் கணவனின் காலரைச் சரிசெய்தாள். அட்டையையும் திருப்பிவிட்டாள். இந்த நிலைமையிலும் புருஷன் சட்டையைச் சரிசெய்யத் தோன்றுகிறதே என்று நரேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காந்தா யாரு? உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள் நர்ஸ்.

மூன்று பேரும் போனார்கள்.

டாக்டர் ஸ்ரீவித்யா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. உங்க கிட்னி கெட்டுப் போகல. தைராய்டுதான் சுத்தமா படுத்துடுச்சு."

"தைராய்டுக்கும் கிட்னிக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்றான் சந்தானம்.

"தைராய்டு கம்மியானா ஹார்ட் மெதுவா அடிக்கும். ரத்தக் குழாய் இறுகும். கிட்னிக்குப் போற ரத்தம் கொறஞ்சிடும். ரத்தமே வராம அது எதை வடிகட்டும்? கொழாயில பிரஷர் இல்லேன்னா வீட்டு ஃபில்டர்ல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் விழும். அதுக்காக ஃபில்டரைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"அப்போ ஆபரேஷன்...?"

"யாரு சொன்னா? தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. காபி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணுவோம். கிரியேட்டினைன் எறங்கிடும்."

வெளியே வந்ததும் நரேஷ் உடைந்து அழுதான். "மன்னிச்சிடுங்க மாமா. உங்களுக்கு இருக்கற மனசு எனக்கு இல்லாம போச்சே!"

"சரி, விடுடா" என்று பெருந்தன்மையாகச் சொன்னான் சந்தானம். "குரூப் மட்டும் சேர்ந்திருந்தா, இந்நேரம் நானே போய் ஆபரேஷன் டேபிள்ல படுத்திருப்பேன்!" மார்பைத் தட்டிக்கொண்டான். அட்டை மறுபடியும் புரண்டது.

காந்தா சட்டென்று அதைப் பிடித்துத் திருப்பினாள். "நரேஷ், நீ போயி மாத்திரை வாங்கிட்டு வாப்பா."

தம்பி தலை மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பஸ் ஏறறதுக்கு முன்னாடி அந்த அட்டையைக் கழட்டிப் பையில போட்டுக்கங்க. வந்ததுலேர்ந்து நானும் எத்தனை தடவைதான் திருப்பிவிடறது?"

சந்தானம் குனிந்து அட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

அவன் போட்டோவுக்குக் கீழே கம்பெனிக்காரன் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தான்: ரத்த வகை - ஓ பாசிடிவ்.